பத்தியைப் படிக்காதே என்னும் பாடம்

"பத்தியை முழுதும் படிக்க வேண்டாம், நேரே வினாவுக்குப் போங்கள்." ஆங்கிலத் திறன் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் வகுப்புகளில், மைசூரிலும் சரி, கோவையிலும் சரி, வாசிப்புப் பகுதி பெரும்பாலும் இந்த அறிவுரையோடுதான் தொடங்குகிறது. வினாவிலுள்ள முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடிட வேண்டும். அந்தச் சொல்லைப் பத்தியில் தேட வேண்டும். கிடைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வரி பார்த்து, நான்கு தெரிவுகளில் அந்த வரியோடு ஒத்துப்போவதைக் குறிக்க வேண்டும். இதற்கு 'உத்தி' என்று பெயர். கொள்ளேகாலத்திலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் வந்து மைசூரில் அறையெடுத்துத் தங்கி, வீட்டார் கடன் வாங்கிக் கட்டிய கட்டணத்தில் அமர்ந்திருக்கும் செவிலியரும் பொறியாளரும் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர்.

வாசிப்புத் திறனைச் சோதிக்கும் தேர்வுக்கு வாசிக்காமல் இருக்கக் கற்பிப்பது வேடிக்கை. வேடிக்கையோடு நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். அந்த உத்தி, எந்தத் தேர்வை வெல்வதாகச் சொல்லி விற்கப்படுகிறதோ அந்தத் தேர்விலேயே தோற்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு.

உத்திகள் அனைத்தும் பொய்யல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்வெழுதுவோரின் நடத்தையை ஆராய்ந்த ஆண்ட்ரூ கோஹன் போன்றோர், தேர்வை நிருவகிக்கும் உத்தியையும் தேர்வை ஏய்க்கும் உத்தியையும் வேறுபடுத்திக் காட்டியுள்ளனர். முன்னது நேர்மையானது, தேவையானதும்கூட. ஐ.இ.எல்.டி.எஸ். வாசிப்புத் தாளில் மூன்று உரைப்பகுதிகள், 40 வினாக்கள், 60 நிமிடங்கள். விடையை மாற்றியெழுதத் தனியே நேரம் தரப்படுவதில்லை என்பதை அறியாமல் போகிறவர் கடைசிப் பத்து வினாக்களை இழப்பார். தவறான விடைக்கு அங்கே மதிப்பெண் குறைப்பு இல்லை. எனவே எதையும் வெற்றிடமாக விட்டு வரக் கூடாது. நீட் தேர்வில் தவறு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் பறிபோகும் அச்சத்தில் பழகிய கைக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும். அதே வேளையில், பி.டி.இ. தேர்வில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தெரிவு செய்யும் வினாவில் தவறான தெரிவுக்கு மதிப்பெண் கழிக்கப்படும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு குறிப்பது கேடு. வினாவை முன்கூட்டி ஒரு முறை பார்த்துவிட்டுப் பத்தியைப் படிப்பதிலும் பிழையில்லை. எதைத் தேடுகிறோம் என்று அறிந்து படிப்பவர் கூர்ந்து படிப்பார்.

இவையனைத்தையும் ஒரு பிற்பகலில் சொல்லி முடித்துவிடலாம். சிக்கலும் அங்கேதான். ஒரு பிற்பகலுக்கு இரண்டு மாதக் கட்டணம் வாங்க முடியாது; மீதி நாட்களை எதையேனும் கொண்டு நிரப்பியாக வேண்டும். அந்த இடத்தில்தான் இரண்டாம் வகை உத்திகள் நுழைகின்றன.

சொல்வேட்டையை எடுத்துக்கொள்வோம். தேர்வில் வரக்கூடிய ஒரு பத்தியின் கருத்தைத் தமிழில் இப்படி அமைத்துப் பார்க்கலாம்: 'சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து 1902இல் மின்சாரம் எடுக்கப்பட்டபோது, மைசூர் சமஸ்தானத்தின் அரண்மனையோ பெங்களூருவின் வீதிகளோ அதற்காகக் காத்திருக்கவில்லை, கம்பிகள் நேரே கோலார் தங்கவயலுக்குச் சென்றன. பெங்களூருவின் தெருக்களில் மின்விளக்கு எரிய 1905 வரை ஆயிற்று.' வினா: தொடக்கத்தில் அந்த மின்சாரத்தின் பயனைப் பெற்றோர் யார்? தெரிவுகள்: அ) சமஸ்தானத்தின் அரண்மனையினர்; ஆ) பெங்களூருவின் வீதிகளைப் பயன்படுத்தியோர்; இ) ஒரு தொழிலை நடத்தியோர்; ஈ) மின்சாரத்துக்காகக் காத்திருந்தோர்.

வேட்டைக்காரருக்கு 'அரண்மனை' கிடைக்கிறது. 'பெங்களூரு', 'வீதி' கிடைக்கின்றன. 'காத்திரு' என்பதும் கிடைக்கிறது. சரியான விடையில் உள்ள 'தொழில்' என்னும் சொல் மட்டும் பத்தியில் எங்குமில்லை. தங்கவயல் என்பது ஒரு தொழிலிடம் என்று புரிந்துகொண்டு வாசித்தவருக்குத்தான் விடை புலப்படும். இந்த அமைப்பு தற்செயலாக நேர்வதன்று. வினா அமைப்போருக்குத் தரப்படும் பயிற்சியே இதுதான்: தவறான தெரிவுகள் பத்தியின் சொற்களைச் சுமந்துவர வேண்டும், சரியான தெரிவு பத்தியின் பொருளை வேறு சொற்களில் சொல்ல வேண்டும். சொல்லைத் தேடி வருபவரைப் பிடிக்க வைத்த கண்ணியில், சொல்லைத் தேடிப் போகுமாறு மாணவரை அனுப்புகிறது பயிற்சி வகுப்பு.

பிற விதிகளின் கதையும் இதுவே. நீளமான தெரிவே பெரும்பாலும் சரி. 'எப்போதும்', 'அனைவரும்', 'ஒருபோதும்' என்று வந்தால் அது தவறு. இரண்டு தெரிவுகள் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தால் விடை அவ்விரண்டில் ஒன்று. இவை யாரோ ஒரு பயிற்சியாளரின் கண்டுபிடிப்புகள் அல்ல. ஜேசன் மில்மன், கரோல் பிஷப், ராபர்ட் ஈபல் ஆகிய மூவரும் 1965இலேயே தேர்வுச் சாமர்த்தியத்தின் கூறுகளை வகைப்படுத்தி எழுதிவிட்டனர். வினா அமைப்போரும் அறுபது ஆண்டுகளாக அதைப் படித்து வருகின்றனர். முன்சோதனை செய்து, தெரிவுகளின் நீளத்தைச் சமன்செய்து, குழுவாக அமர்ந்து திருத்தி வெளியிடும் தேர்வுகளில் இந்தப் புழைகள் அடைபட்டுவிட்டன. அவசரமாக எழுதப்பட்ட வினாத்தாள்களில் மட்டுமே அவை இன்னும் திறந்திருக்கின்றன.

அப்படி அவசரமாக எழுதப்படும் வினாத்தாள் எது? பல இடங்களில், பயிற்சி மையம் தானே தயாரித்து நகலெடுத்துத் தரும் மாதிரித் தாள். உத்தியைக் கற்பிப்பவரே வினாவையும் எழுதும்போது அவருடைய சரியான விடைகள் நீளமாகவும் தவறான விடைகள் மொட்டையாகவும் அமைவது இயல்பு. மாணவர் அந்தத் தாளில் உத்தியைப் பயன்படுத்துகிறார். 40க்கு 33 கிடைக்கிறது. உத்தி பலித்துவிட்டதாக நம்புகிறார். உண்மைத் தேர்வில் 22 வருகிறது. பதற்றம், உறக்கமின்மை, போதாத மாதிரித் தாள்கள் என்று காரணம் சொல்லப்படுகிறது. அடுத்த தொகுதிக்குச் சேருமாறு பரிந்துரை வருகிறது. இந்தச் சுழலில் ஒருவருக்கு மட்டும் நட்டம் இல்லை. அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தேர்வு அமைப்பின் மீதும் குற்றம் இல்லாமல் இல்லை. பலவுள் தெரிக என்று தமிழ்ப் பாடநூல் அழைக்கும் இந்த வினாவடிவம் பிறந்ததே வாசிப்புத் தேர்வுக்காகத்தான். அமெரிக்காவின் கான்சாஸில் ஃபிரெடரிக் கெல்லி 1915ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய மௌன வாசிப்புத் தேர்வே இவ்வடிவின் தொடக்கமாகப் பெரும்பாலும் சுட்டப்படுகிறது. ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் மாறுபடுவதைத் தடுப்பதும் திருத்தும் நேரத்தைச் சுருக்குவதும் அதன் நோக்கங்கள். வாசித்தவர் என்ன புரிந்துகொண்டார் என்று அவர் வாயால் கேட்கும் வழி அன்றோடு அடைபட்டது. 1990இல் ஸ்டூவர்ட் கட்ஸும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தனர். அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான சாட் தேர்வின் வாசிப்பு வினாக்களைப் பத்தியே இல்லாமல் மாணவரிடம் கொடுத்தனர். ஐந்து தெரிவுகளில் தற்செயலாக ஐந்திலொன்று சரியாகலாம். மாணவர் அதைவிடக் கணிசமாக மிகுதியாகப் பெற்றனர். பத்தியின்றி வாசிப்புத் தேர்வு! பயிற்சி மையங்கள் இந்த ஆய்வை அறிந்திருந்தால் சுவரில் எழுதி வைத்திருக்கும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1994இல் அதே ஆய்விதழில் ராய் ஃப்ரீடிலும் ஐரீன் கோஸ்டினும் மறுமொழி எழுதினர். அவர்கள் தேர்வு நடத்தும் நிறுவனத்தைச் சார்ந்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டிய கட்டுரை அது. ஆயினும் அவர்களுடைய வாதத்தை ஒதுக்க முடியாது: பத்தியின்றிச் சில வினாக்களுக்கு விடையளிக்க இயலும் என்பதால், பத்தியோடு தேர்வெழுதுகிறவர் பத்தியைப் புறக்கணிக்கிறார் என்று ஆகிவிடாது. வினா கடினமா எளிதா என்பதைப் பத்தியின் அமைப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்ஸின் மாணவர் ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்தவர்கள். பத்தி இல்லாதபோதும் தெரிவுகளை வாசித்து, உலக அறிவைக் கொண்டு எடைபோட அவர்களால் முடிந்தது. தெரிவையே தடுமாறி வாசிப்பவருக்கு அந்தக் குறுக்கு வழியும் திறக்காது.

இது வர்க்கத்தின் கதையும் ஆகும். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்து, வீட்டில் ஆங்கில நாளிதழ் வாங்கும் குடும்பத்திலிருந்து வந்தவரும் அதே வகுப்பில் அமர்கிறார்; அதே உத்தியைக் கேட்கிறார்; 8 பெறுகிறார். அவருடைய படம் விளம்பரப் பலகையில் ஏறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியிலோ கன்னடவழியிலோ படித்தவர் 5.5இல் நிற்கிறார், அவருடைய படம் எங்கும் ஏறுவதில்லை. முன்னவருக்கு வெற்றி தந்தது பதினைந்தாண்டு வாசிப்பு. பெயர் வாங்கியது இரண்டு மாத உத்தி.

தமிழ்வழி மாணவருக்கு உண்மையில் தடையாக இருப்பது எது? பெரும்பாலும் சொல்லன்று, வாக்கியம். தமிழில் பெயரை விளக்கும் தொடர் பெயருக்கு முன்னே வந்துவிடும். வினை இறுதியில் நிற்கும். 'மார்ச்சில் பதவி விலகிய அமைச்சர் அமர்த்திய குழு அறிக்கை அளித்தது' என்று படிக்கும் தமிழருக்கு ஐயமே எழாது. ஆங்கிலத்தில் குழு முதலில் வரும். அதன் பின்னே அமைச்சர். அமைச்சருக்குப் பின்னே பதவி விலகலும் மார்ச்சும். எல்லாம் முடிந்த பிறகுதான் குழுவுக்குரிய வினை வந்து சேரும். மார்ச் என்னும் சொல்லைத் தேடிச் சென்றவர், அதன் பக்கத்தில் நிற்கும் 'அறிக்கை அளித்தது' என்பதைப் பிடித்துக்கொண்டு திரும்புவார். மார்ச்சில் அறிக்கை வந்தது என்னும் தெரிவு அவருக்காகவே அங்கே காத்திருக்கும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் கருவி தமிழ் மாணவர் கையில் முன்பே இருக்கிறது. நன்னூல் கூறும் எட்டுப் பொருள்கோள்களுள் கொண்டுகூட்டு ஒன்று: செய்யுளில் சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருள் இயையும் இடத்துக்குக் கொண்டுசென்று கூட்டிக் காணும் முறை. பள்ளியில் செய்யுளுக்குப் பொருள் காணப் பழகிய எவரும் எழுவாய் எது, அதன் பயனிலை எங்கே என்று தேடிப் பழகியவரே. ஆங்கில வாக்கியத்துக்கும் அதைச் செய்யலாம். நாளொன்றுக்கு ஐந்து நீண்ட வாக்கியங்களைப் பிரித்துக் கூட்டினால் போதும். இதைச் செய்விக்க ஆசிரியருக்கு இரு மொழியின் தொடரமைப்பும் தெரிந்திருக்க வேண்டும் என்பது உண்மை. அடிக்கோடிடச் சொல்வதற்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

செவிலியரின் வழக்கில் இது மதிப்பெண்ணோடு முடிவதில்லை. பிரிட்டனின் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் மன்றம் ஐ.இ.எல்.டி.எஸ். வாசிப்பில் 7 கேட்கிறது. தோராயமாக 40க்கு 30 சரியாக இருக்க வேண்டும். மாற்றாக ஏற்கப்படும் ஓ.இ.டி. தேர்வின் வாசிப்புத் தாளில் ஒரு பகுதி முழுவதும் பணியிட உரைகள்: மருத்துவமனை விதிமுறை, கருவிக் கையேடு, சுற்றறிக்கை. ஒவ்வொன்றுக்கும் மூன்று தெரிவுகள். அத்தகைய உரையொன்றில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம்: 'நான்கு மணி நேரம் கழிந்தும் வலி நீடித்தாலன்றி மருந்தைத் திரும்பக் கொடுக்கலாகாது.' தமிழில் 'தாலன்றி' வினைக்கு முன்பே வந்து எச்சரித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'அன்லெஸ்' என்னும் சிறு சொல் பிற்பாதியில் ஒதுங்கி நிற்கும். மருந்து, திரும்ப, நான்கு மணி நேரம் என்று சொல்வேட்டையாடியவர் 'நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்க வேண்டும்' என்னும் தெரிவைக் குறிப்பார். தேர்வில் ஒரு மதிப்பெண் போகும். அதே பழக்கத்தோடு தேறிச் சென்றுவிட்டால், இரவுப் பணியில் படுக்கையோரம் நின்று அதே வாக்கியத்தை அவர் அதே விதமாகத்தான் படிப்பார். அங்கே மூன்று தெரிவுகள் அச்சிட்டு வைக்கப்பட்டிருக்காது.

இவையெல்லாம் நடக்கும் அதே மைசூரில், மானசகங்கோத்ரியில், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இயங்கி வருகிறது. அதன் தென்மண்டல மொழி மையத்தில், தமிழே அறியாத பிற மாநில ஆசிரியர்கள் பத்து மாதப் பயிற்சியில் தமிழ் கற்கின்றனர். அகரத்தில் தொடங்கிப் பாடம் பாடமாக வாசித்துத்தான் அவர்கள் தமிழுக்குள் நுழைகின்றனர். பத்தியைப் படிக்காமல் தமிழ் வாசிப்பில் தேறலாம் என்று அங்கே எவரேனும் சொன்னால் சிரிப்பார்கள். நகரப் பேருந்து போகும் தொலைவில், தமிழ் மாணவருக்கு ஆங்கிலம் குறித்து அதையே சொல்லிக் கட்டணம் வாங்குகின்றனர். எவரும் சிரிப்பதில்லை.

வேறு வழி தென்னிந்தியாவில் முயலப்படாததும் அன்று. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூரு, சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் பள்ளிகளில் நடத்திய திட்டம் மொழிக்கல்வி உலகில் பெங்களூருத் திட்டம் என்றே அறியப்படுகிறது. ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, எந்த வண்டியைப் பிடித்தால் எப்போது போய்ச் சேரலாம் என்று சிந்திக்க வைத்தார்கள். விடை காண வாசித்தே தீர வேண்டும். வாசித்ததைப் பொருத்திப் பார்த்தே தீர வேண்டும். அத்திட்டத்தின் மதிப்பீடு பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் எளிய அரசுப் பள்ளி மாணவரால் ஆங்கில உரையைக் கொண்டு சிந்திக்க முடியும் என்று நம்பிய திட்டம் அது. இன்றைய உத்தி வகுப்பு அந்த நம்பிக்கையைக் கைவிட்ட பிறகு எஞ்சியது.

தேர்வை மாற்றினால் பயிற்சியும் திருந்திவிடும் என்போருக்கு இலங்கையின் அனுபவம் இருக்கிறது. அங்கே சாதாரண தர ஆங்கிலத் தேர்வு 1988 முதல் புதிய பாடநூல்களுக்கேற்ப மாற்றப்பட்டது. வகுப்பறைகளுக்கே சென்று விளைவை ஆராய்ந்த டயேன் வால், சார்ல்ஸ் ஆல்டர்சன் இருவரும் 1993இல் எழுதிய முடிவு கவனத்துக்குரியது: தேர்வு, ஆசிரியர் எதைக் கற்பிக்கிறார் என்பதை மாற்றியது, எப்படிக் கற்பிக்கிறார் என்பதை மாற்றவில்லை. புதிய தாள் வந்தால் பழைய ஆசிரியர் பழைய முறையிலேயே அதற்குப் பயிற்சி தருவார். 2023 ஜூலையில் டோஃபல் தேர்வு தன் வாசிப்புப் பகுதியை 35 நிமிடமாகச் சுருக்கியபோதும், பழைய சொல்வேட்டை அப்படியே நீடித்தது.

நேரமில்லை என்பதே பயிற்சி மையங்களின் இறுதி வாதம். விசாவுக்கு நாள் குறித்துவிட்டு வருகிறார்கள், இரண்டு மாதத்தில் வாசிப்பை வளர்க்க முடியாது, உத்திதான் கைகொடுக்கும் என்கின்றனர். முதற்பாதி உண்மை. 5இல் இருப்பவரை இரண்டு மாதத்தில் 7க்கு ஏற்ற முடியாது. ஆனால் அதைச் சேர்க்கை நாளன்றே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கட்டணத்தை வாங்கிவிட்டு நேரமில்லை என்பது வணிகம்கூட அன்று. 6இல் இருப்பவருக்கோ இரண்டு மாதம் சிறிய காலமன்று: நாள்தோறும் ஒரு பத்தியைக் கடிகாரமின்றி முழுதும் வாசித்து, மறுநாள் அதே பத்தியைக் கடிகாரத்தோடு வாசித்து, வாக்கியங்களைக் கூட்டிப் பார்த்து வந்தால் அறுபது பத்திகள் ஆகின்றன. பழைய தேர்வுத் தாள்கள் நூல்வடிவில் கிடைக்கின்றன. மையத்தின் நகல் தாள்களைக் காட்டிலும் அவை மலிவு.

சேருமுன் மாணவர் மையத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அத்தகைய உண்மைத் தேர்வுத் தாளிலிருந்து ஒரு வினாவை எடுத்துச் சென்று பயிற்சியாளர் முன் வைக்கலாம். சரியான விடை எது என்று கேட்க வேண்டாம். அது நூலின் பின்பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. மற்ற மூன்று தெரிவுகளும் ஏன் தவறு என்பதைப் பத்தியின் எந்த வாக்கியம் மறுக்கிறது, எப்படி மறுக்கிறது என்று விளக்கச் சொல்ல வேண்டும். விளக்கத் தொடங்குபவர் பத்தியை முதல் வரியிலிருந்து படிக்கிறாரா, வினாவுக்கு அடிக்கோடிடுகிறாரா என்று பார்த்துவிட்டுப் பிறகு கட்டணத்தைக் கட்டலாம்.